இரண்டு எண்கள் மட்டும்

1

விடுதியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. என் மகள் மதுமிதா இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். அதற்காக விடுதி இடத்தைப் புதுப்பிக்கும் படிவம், நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்காவது பக்கம் சமையல் மேடையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நேற்றும் அங்கேதான் கிடந்தது. ஓரத்தில் எண்ணெய் ஊறிவிட்டது. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

நாங்கள் குவைத்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எனக்கு ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ரத்தம், சிறுநீர், சீட்டு, முத்திரை என்று காலை ஆறரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். கணவருக்கு ஏசி உதிரிபாகக் கிடங்கில் வேலை. மது பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஆனால் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஊருக்குப் போயாக வேண்டும். இங்கே கல்லூரி எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. நாங்கள் ஊரை விட்டு வந்தோம். அவளோ தனக்குச் சொந்தம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த, ஆனால் தனக்குத் தெரியாத ஓர் ஊருக்குப் போனாள்.

கோவையில் ஏழெட்டுக் கல்லூரிகளைப் பார்த்தோம். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். அந்த விடுதியில் செல்போன் கிடையாது. சேரும் அன்றைக்கே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள், ஊருக்குப் போகும்போதுதான் தருவார்கள். அதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துபோனது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நான் எதைச் சொன்னாலும், அந்த ஏற்பாட்டை விரும்பி வாங்கியவள் நான்தான்.

2

கொங்கு நாட்டில் பிள்ளைகளை விடுதியில் சேர்த்தவர்களுக்கு அந்த ஃபோன் தெரிந்திருக்கும். நடைபாதைச் சுவரில் மாட்டிய கறுப்புப் பெட்டி. அறைக்கு ஓர் அட்டை. அறையில் நான்கு பெண்கள். அட்டையைச் செருகினால் பேசலாம், ஆனால் வெளியிலிருந்து யாரும் அதற்கு அடிக்க முடியாது. ஒவ்வொரு பெண்ணும் இரண்டு எண்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த எட்டு எண்களைத் தவிர வேறெதற்கும் போகாது. மாதம் பிறந்ததும் நான்கு வீட்டாரும் சமமாகப் பணம் கட்ட வேண்டும். நடுவில் தீர்ந்துபோனால் மறுபடி நான்கு பேரும் சமமாகக் கட்டினால்தான் அட்டைக்கு உயிர் வரும். யார் எவ்வளவு பேசினார்கள் என்ற கணக்கு கிடையாது. ஒரே அறை, ஒரே அட்டை, ஒரே பில்.

சேர்க்கை நாளன்று படிவத்தில் ஃபோன் எண்ணுக்குப் பத்துக் கட்டங்கள் இருந்தன. குவைத் எண்ணுக்கு எட்டு இலக்கம்தான். அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையான மனிதர்.

"முன்னாடி ரெண்டு சைபர் போட்டீங்கன்னா பத்து வந்துருமுங்க மேடம்."

"அப்படிப் போட்டா லைன் போகுங்களா?"

"லைன் போகாதுங்க. ஃபாரம் போகும்."

எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளிநாட்டு அழைப்பே அந்தப் பெட்டியில் கிடையாது என்றார். வேறு வழியில்லாமல் தாராபுரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் என் தம்பி சிவக்குமாரின் எண்களை எழுதிக்கொடுத்தேன். செல்போன் ஒன்று, கடை ஃபோன் ஒன்று.

வழியைக் கண்டுபிடித்தது அவன்தான். கடையில் அவனிடம் இரண்டு செல்போன் இருந்தது. மது விடுதியிலிருந்து ஒன்றுக்கு அடிப்பாள். மற்றொன்றில் நான் குவைத்திலிருந்து ஆப் வழியாகக் கூப்பிடுவேன். அவன் இரண்டையும் தலைமாடு கால்மாடாகச் சேர்த்து, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி ரப்பர் பேண்ட் போட்டுத் தீவன மூட்டை மேல் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பான். நானும் என் மகளும் பேசியதெல்லாம் அப்படித்தான். நடுநடுவே அவன் குரலும் விழும். "குஞ்சுத் தீவனமுங்களா, முட்டைக் கோழிக்குங்களா? ரெண்டு மூட்டையா போடட்டுங்களா?"

தினமும் மாலை ஆறரை மணி. எனக்கு அப்போது நான்கு. பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் நேரம். அந்த வெயிலில் ஃபோனைக் காதில் வைத்தபடி நடந்து, மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, அரிசி களைந்து உலையில் போடும் வரைக்கும் பேசுவேன். என்ன சாப்பிட்டாய், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், தலைக்குக் குளித்தாயா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. அவள் வைக்கிறேன் என்பாள். "இன்னொரு நிமிஷம் கண்ணு" என்பேன். என் பக்கம் ஆப், காசு கிடையாது. அதனால் அந்த நிமிடங்களை நான் நிமிடங்களாகவே நினைக்கவில்லை.

3

முதல் மாதத்தில் மது மிகவும் திணறினாள். அவளுக்குத் தமிழ் எங்கள் இருவர் வாயிலிருந்து மட்டுமே வந்தது. நாங்கள் அவளிடம் எப்படிப் பேசினோமோ அப்படியே அவள் ஊரில் எல்லாரிடமும் பேசினாள். விடுதிக் காப்பாளரைப் பார்த்து, "நீ சாப்பிட்டயா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மெஸ்ஸில் பரிமாறும் அம்மாவிடம், "போதும், போ" என்றிருக்கிறாள்.

அவளைத் திருத்தியவள் அறைத்தோழி எஸ்தர். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இலை அள்ளும் வேலை. உதவித்தொகையில் படிக்கிறாள். மற்ற இரண்டு பெண்களும் உடுமலை, கோபி பக்கத்து விவசாய வீட்டுப் பெண்கள்.

"எஸ்தர் எனக்கு டெய்லி பத்து வார்த்தை சொல்லிக்குடுக்கறா மா. நான் தப்பாப் பேசினா கிள்ளுவா. இன்னைக்கு நாலு கிள்ளு" என்று மது ஒருநாள் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் ஒருமுறை அவளிடமிருந்து ஃபோனை வாங்கி, "ஆண்ட்டி, நீங்க கவலைப்படாதீங்க, மது எங்ககிட்ட இருக்கா" என்றது. நல்ல பெண் என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்கு நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

4

இரண்டாம் பருவத்தில் மாதப் பாதியிலேயே பணம் கேட்டுச் செய்தி வந்தது. கட்டினோம். பத்து நாளில் மறுபடி வந்தது.

"போட்டு உடு. புள்ளைங்கன்னா பேசத்தான் செய்யும்" என்றார் கணவர்.

பணம் எனக்குப் பெரிதில்லை. பயம்தான் பெரிது. பொள்ளாச்சியில் என் சித்தப்பா மகளின் பெண் கல்லூரியிலிருந்தே ஒருவனோடு போய்விட்டாள். அந்த வீட்டில் ஒரு வருடம் யாரும் கல்யாணம் காட்சிக்கு வரவில்லை. எல்லாம் ஃபோனில்தான் தொடங்கியது என்று சொன்னார்கள். யாரோ ஒருத்தி அந்த அட்டையில் யாரோடோ பேசுகிறாள். நாளைக்கு என் மகளும் பழகிவிடுவாள். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்கு எதுவும் சின்னதாகத் தோன்றாது.

"யாரு அம்மணி இவ்வளவு பேசறது?"

"தெரியல மா. எல்லாரும்தான் பேசறோம்."

"எல்லாரும்னா எப்படி? அந்த வால்பாறைப் புள்ளையா? எஸ்டேட்டு லைன்ல கெடந்ததுகளுக்கு ஃபோனு கையில கெடச்சா உடுவாங்களா?"

தம்பி கடையில் மூட்டை ஒன்றைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"அம்மா, இந்த ஃபோன்ல சவுண்டு ரொம்ப வெளிய கேக்கும்" என்றாள் மது. பிறகு மெதுவாக, "எஸ்தர் பக்கத்துலதான் நிக்கறா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டேன். நம் ஊரில் எந்த அசிங்கத்தின் மேலும் இழுத்துப் போர்த்த அந்த ஒரு கேள்வி இருக்கிறது.

5

காப்பாளருக்கு எழுதினேன். மிகவும் மரியாதையான கடிதம். யார் மீதும் குறை சொல்லவில்லை, ஒரு விவரத்துக்காகத்தான், எந்த எண்ணுக்கு எவ்வளவு நேரம் பேசப்பட்டது என்ற பட்டியல் கிடைத்தால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடக் கடுமையாக இல்லை.

புதன்கிழமை அவர் தம்பியின் கடைக்கு ஃபோன் செய்து என்னோடு பேசினார்.

"நீங்க கேக்கறது நாயந்தானுங்க மேடம். லிஸ்ட்டு கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்து வரணுமுங்க, ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் அந்த ரூம் கார்டை நிறுத்தி வெக்கட்டுங்களா? இல்லைன்னா இன்னும் ஏறிப்போயிருமுங்க."

"நிறுத்தி வெச்சிருங்க" என்றேன்.

பட்டியல் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்தது. நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளில் நடந்ததைப் பிறகு மது சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

எஸ்தர் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் பேசுவாள். அந்த வெள்ளிக்கிழமை கொழுந்து பறித்துவிட்டு வந்த அவள் அம்மா, இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். கூடை தூக்கிய அலுப்பு என்று நினைத்திருக்கிறார்கள். புள்ள ஃபோன் பண்ணும், பேசிவிட்டுப் படுக்கிறேன் என்று, டவர் கிடைக்கும் இடம் பார்த்து லைன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஃபோன் வரவில்லை. இருட்டிய பிறகு எழுந்து உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை வாய் கோணிவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து பொள்ளாச்சிக்கு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். எஸ்தரின் அப்பா விடுதி அலுவலகத்துக்கு அடித்துச் சொல்லியிருக்கிறார். எடுத்தவர் பதிவேட்டில் எழுதி வைத்தார். காப்பாளர் சனி, ஞாயிறு விடுப்பு. திங்கட்கிழமை காலை பதிவேட்டைப் புரட்டிய பிறகுதான் எஸ்தரைக் கூப்பிட்டார்கள்.

மது துணைக்குப் போனாள். அனுமதிச் சீட்டில் என் தம்பியின் பெயரைத் தானே கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா கண் திறந்து மகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவருக்குப் பேச்சு இருந்தது. இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். பக்கவாதத்தில் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். எஸ்தர் அன்றைக்குப் பேசியிருந்தால் அம்மாவின் நாக்கு குழறுவதைக் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். குழறியதா இல்லையா, யாருக்குத் தெரியும் என்கிறார் கணவர். யாருக்கும் தெரியாது. அதுதான் வேதனை.

6

இதெல்லாம் தெரியாமல்தான் செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஆய்வகத்தில் தேநீர் இடைவேளை. ஒன்பது பக்கம் வந்திருந்தது. முதல் பக்கத்தில் ஓர் எண் மேலிருந்து கீழ் வரைக்கும் இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம். நாற்பத்தொன்று. முப்பத்தைந்து. நாற்பத்தாறு. இரண்டாவது பக்கத்திலும் அதே எண். பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. எண்ணை வாய்விட்டுப் படித்தேன். பாதியிலேயே வாய் தானாக மீதியைச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடமாக எனக்கு மனப்பாடமான எண். என் தம்பியின் எண்.

அந்த அட்டையைத் தின்றவள் நான்தான். உடுமலைப் பெண்ணும் கோபிப் பெண்ணும் ஆளுக்குக் கொஞ்சம் பேசியிருந்தார்கள். எஸ்தருடையது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருந்தது. முதலில் எட்டு நிமிடம், ஏழு நிமிடம். பிறகு மூன்று. பிறகு சில வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை. அட்டையில் மிச்சம் இல்லாத வாரங்கள். அவள் வீட்டாரும் எங்களுக்குச் சமமாகப் பணம் கட்டியிருக்கிறார்கள், மூன்று முறையும்.

தம்பிக்கு அடித்தேன்.

"சிவா, உனக்குத் தெரியுமா?"

"மீட்டரு ஓடுதுன்னு தெரியுமுக்கா."

"ஏஞ் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நீ அங்கிருந்து அழுதுபோட்டுப் பேசிட்டிருக்கற. நான் இங்க நின்னுட்டு, போதும் வெய்யின்னு சொல்லட்டுமா?"

மது சொல்லவில்லை. அறையில் இருந்த பெண்கள் சொல்லவில்லை. லைன் வீட்டுப் புள்ளை என்று நான் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட எஸ்தரும், "ஆண்ட்டி, அது நீங்கதான்" என்று சொல்லவில்லை. அத்தனை பேரும் எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

7

எஸ்தரின் அப்பாவோடு ஒருமுறைதான் பேசினேன். தம்பியின் அதே இரண்டு ஃபோன், அதே ரப்பர் பேண்ட். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"யாரும்மா, மது அம்மாவா? நல்லா இருக்கீங்களாம்மா?"

நான் பட்டியலைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு கேட்டதோ, எவ்வளவு புரிந்ததோ.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒரே ரூமுல இருக்குற புள்ளைங்க. ஒங்க புள்ளதான் எஸ்தர் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. ரெண்டு நாளும் பெஞ்சுலதாம்மா படுத்துக் கெடந்துச்சு. நல்ல புள்ள வளத்திருக்கீங்க."

"வைத்தியச் செலவுக்கு நாங்க ஏதாச்சும்..."

"வேணாம்மா. எஸ்டேட்ல பாக்குறாங்க. நீங்க அந்நிய நாட்டுல கெடந்து சம்பாதிக்கிறது." பிறகு கொஞ்சம் தயங்கி, "வெளிநாட்டு லைனு, காசு ஓடும். வெச்சிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அவரே வைத்துவிட்டார்.

எழுதி வைத்திருந்த தாளில் கடைசி வரி, மன்னித்துவிடுங்கள் என்பது. அதைச் சொல்லாமலே பேச்சு முடிந்திருந்தது.

8

அதன் பிறகும் மது பேசுகிறாள். அதே நான்கு மணிக்கு அடிக்கிறாள். சாப்பிட்டேன், பரீட்சை நன்றாக எழுதினேன், காய்ச்சல் இல்லை. இரண்டு நிமிடம். முன்பெல்லாம் என்னிடம் வா, போ என்று பேசியவள் இப்போது ஊர்ப் பிள்ளைகளைப் போல வாங்க, போங்க என்கிறாள். எஸ்தர் கிள்ளிக் கிள்ளிக் கற்றுக்கொடுத்த மரியாதை. கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி இருக்கிறது. சண்டை போட்டாளானால் பதிலுக்கு அழலாம். அவள் போடவில்லை.

படிவத்தின் நான்காவது பக்கம் ஃபோன் எண்களுக்கானது. மாணவி நிரப்ப வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். சென்ற வருடம் தம்பியின் எண்கள் இருந்த இடத்தில் மது வேறு இரண்டு எண்களை எழுதியிருக்கிறாள். கட்டத்துக்கு ஓர் இலக்கமாக, அழகான கையெழுத்தில்.

போன வாரம் அவளே கேட்டாள். "நாலாவது பக்கம் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் கண்ணு. மாமா நம்பரு இல்லையே?"

"இல்லீங்க. எஸ்தர் வீட்டுல டவர் சரியா எடுக்காது. அவளுக்கு ரெண்டு நம்பர்தான் குடுப்பாங்க. அது பத்தல. அதனால என்னோடதுல பக்கத்து லைன் அக்கா நம்பர் ஒண்ணு, டிஸ்பென்சரி நம்பர் ஒண்ணு போட்டிருக்கேன். யாராவது ஒருத்தர் எடுத்து அவங்கம்மா காதுல வெப்பாங்க."

"அவங்களாலதான் பேச முடியாதே, அம்மணி?"

"எஸ்தர் பேசுவா. அவங்க கேப்பாங்க. இப்ப டெய்லி பேசணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்ப நாம?"

"மாசம் ஒருக்கா மாமா ஊட்டுக்குப் போறேன்ல. அப்பப் பேசலாம்."

"எம்மேல கோவமா கண்ணு?"

அவளுக்குப் பின்னால் யாரோ வாளியோடு நடந்து போகும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நிமிஷம் ஆயிருச்சுங்கம்மா. வெச்சிடட்டுங்களா?"

எஸ்தருக்காக இப்படிச் செய்கிறாளா, என்னிடமிருந்து தப்பிக்கவா என்று இத்தனை நாளாக நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும்தான் என்று ஒருநாள் தோன்றுகிறது. அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மறுநாள் தோன்றுகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் விதிப்படி பழைய எண்களே தொடரும் என்று பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சும்மா இருந்தாலே போதும், என் மகள் தினமும் நான்கு மணிக்கு எனக்கே பேசுவாள். இரண்டு நிமிடமானாலும்.

இன்று விடுமுறை. காலையில் ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு, எண்ணெயைத் துடைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன். செல்போனில் படம் எடுத்து விடுதிக்கு அனுப்பினேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, இனி மது தினமும் அடிக்கமாட்டாள், உன் எண் போய்விட்டது என்று சொன்னேன்.

அவன் உம் கொட்டினான். கடையில் யாரோ தீவனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இந்த ரப்பர் பேண்டைக் கழட்டிப் போடட்டுமாக்கா?"

"கழட்டிரு, சிவா" என்றேன்.